இறால் தின்றால் உடம்பு தடிப்பது ஏன்?

தூத்துக்குடிக்காரர்களுக்கு இறால் என்றால் உயிர். ஆனால், சிலருக்கு அதுவே உயிருக்கு உலை வைத்துவிடும்!

"நாற்பது வருஷமாகத் தின்கிறேன். எனக்கு என்ன வரும்?" என்று சொல்லாதீர்கள். பெரியவர்களான பிறகும் ஒவ்வாமை திடீரென்று வரலாம்.

இறாலில் உள்ள ஒருவகைப் புரதத்தை உடம்பு பகையாக நினைத்துவிடுகிறது. வேகவைத்தாலும் அந்தப் புரதம் அழியாது. நண்டிலும் அதே வகைப் புரதம் உண்டு.

பெரும்பாலும் தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் அரிப்பும் தடிப்பும் தோன்றும். உதடு வீங்கும். வாந்தியும் வரலாம்.

மூச்சுத் திணறுகிறதா? மயக்கம் வருகிறதா? கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். அட்ரினலின் ஊசிதான் உயிரைக் காக்கும்.

பிழைத்த பிறகு, "ஒன்றே ஒன்று தின்று பார்ப்போமே" என்ற ஆசை வேண்டாம். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். நாக்கைவிட உயிர் பெரிது!