பாதி முட்டையில் முழு உயிர்!

குலுக்கிப் பார்த்த விஞ்ஞானி கண்ட அதிசயம்

கடிகாரத்தை இரண்டாக வெட்டினால் இரண்டு கடிகாரங்கள் கிடைக்குமா?

கிடைக்காது. இரண்டு துண்டும் ஓடாது.

உயிரும் அப்படித்தானா? இதற்கு விடை தேடியவர், ஹன்ஸ் டிரீஷ். ஜெர்மனியில் 1867-ம் ஆண்டு பிறந்தவர்.

சூடான ஊசி

அந்தக் காலத்தில், "உடம்பு ஓர் எந்திரமே" என்று விஞ்ஞானிகள் பலர் கருதினார்கள்.

கருவுற்ற முட்டை முதலில் இரண்டு உயிரணுக்களாகப் பிரியும். 1888-ல் வில்ஹெல்ம் ரூ என்பவர், தவளை முட்டையில் அந்த இரண்டில் ஒன்றைச் சூடான ஊசியால் குத்திக் கொன்றார். மற்றது பாதி உடலாகவே வளர்ந்தது.

"பார்த்தீர்களா? எந்திரம்தான்!" என்று பலரும் நினைத்தார்கள்.

குலுக்கினார்!

1891-ல் டிரீஷ், திரியெஸ்த் துறைமுக நகரில் ஆராய்ச்சி செய்தார். கடல் முள்ளெலி என்பது உடம்பெல்லாம் முள் உள்ள கடல் பிராணி. இரண்டு அணுக்களாகப் பிரிந்திருந்த அதன் முட்டைகளைக் கடல் நீரில் போட்டு, வேகமாகக் குலுக்கினார். அணுக்கள் தனித்தனியே பிரிந்தன.

பாதி உடல்தான் வளரும் என்று எதிர்பார்த்தார்.

என்ன ஆச்சரியம்! ஒவ்வொரு பாதியும் முழுக் குஞ்சாக வளர்ந்தது. உருவம் மட்டும் சிறியது!

ரூ செய்த சோதனையில், செத்த அணு மற்றதோடு ஒட்டியே இருந்தது. அதனால்தான் அது முழுதாக வளரவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

உயிர்ச் சக்தி

"எந்த எந்திரமும் இப்படிச் செய்யாது. உடம்பை நடத்தும் சக்தி ஒன்று தனியே இருக்கிறது" என்றார் டிரீஷ். அதற்கு 'என்டெலெகி' என்ற கிரேக்கப் பெயரைச் சூட்டினார். விஞ்ஞானி, தத்துவப் பேராசிரியர் ஆனார்.

அந்தச் சக்தியை யாரும் பார்க்க முடியவில்லை, அளக்கவும் முடியவில்லை. ஆகவே விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை.

உடம்பு முழுவதையும் கட்டுவதற்கான குறிப்பு ஒவ்வொரு உயிரணுவிலும் இருக்கிறது. பக்கத்து அணுக்கள் ஒன்றுக்கொன்று ரசாயனச் செய்தி அனுப்புகின்றன. துணை அணு பிரிந்து போனால் செய்தி மாறும். தனித்த அணு முழு வேலையையும் ஏற்கும். இது இன்றைய விஞ்ஞானம் தரும் விளக்கம்.

பதவி போயிற்று

டிரீஷ் போரை வெறுத்தவர். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின், லைப்சிக் பல்கலைக்கழகப் பதவியிலிருந்து கட்டாயமாக ஓய்வு கொடுக்கப்பட்டார். 1941-ல் காலமானார்.

அவர் சொன்ன விளக்கம் நிலைக்கவில்லை. ஆனால் அவர் கண்ட உண்மை நிலைத்துவிட்டது.

ஒரே அச்சாக இருக்கும் இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்களும், ஒரே கரு இரண்டாகப் பிரிந்து, இரண்டு முழு மனிதர்களாக வளர்ந்தவர்களே!