சிக்கனமாய் ஒரு மாண்டலின்

விஜயதசமி நெருங்கும்போது நம் சங்கத்து அன்பர்கள் சிலர் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "குழந்தைக்கு வாத்தியம் ஏதாவது கற்றுக்கொடுக்க ஆசை. வீணையை ஊரிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. மாண்டலின் என்றால் இங்கேயே கிடைக்கிறதே, எதைப் பார்த்து வாங்குவது?" என்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். நம்மவர்களுக்கு மாண்டலின் என்றாலே உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) நினைவுதான். அவர் வாசித்தது மின்சார மாண்டலின். ஜோடிக் கம்பிகளை விட்டுவிட்டு ஒற்றைக் கம்பிகளாக ஐந்து பூட்டி, கமகத்துக்குத் தோதாக அமைத்துக்கொண்டது. கடையில் தொங்கும் சாதாரண மாண்டலினில் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி. ஜோடிக் கம்பிகளை இழுத்து கமகம் பிடிப்பது கடினம்தான். அதற்காக அதில் நம் இசை வராது என்றில்லை. ஹிந்திப் பட இசையமைப்பாளர் ஸஜ்ஜாத் ஹுஸேன் (1917–1995) மாண்டலினிலேயே ஹிந்துஸ்தானி ராகங்களை வாசித்துப் புகழ் பெற்றவர். ஆரம்பப் பாடத்துக்கு ஒலிபெருக்கி வேண்டாத சாதாரண மாண்டலினே போதும் என்பது என் கட்சி.

லால்பஜாரை ஒட்டி, ரவீந்திர சரணியில் வரிசையாக வாத்தியக் கடைகள் இருக்கின்றன. இங்கே செய்யப்படும் மாண்டலின் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. பூஜை நாட்களின் நெரிசலில் போய் நிற்காமல், பத்து நாள் முன்னதாகவே ஒரு பகல் பொழுதில் போங்கள். பளபளப்பு, முத்துப் பதிப்பு இவற்றில் மயங்க வேண்டாம். விலை குறைந்த வாத்தியத்தில் மெருகுக்குச் செலவழித்த காசு, நாதத்தில் குறைந்திருக்கும்.

வீணையின் சொற்களையே வைத்துக்கொள்கிறேன்: தண்டி, மெட்டு, குதிரை. தண்டியைத் தச்சர் பலகை பார்ப்பதுபோல் தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். முறுக்கிக்கொண்டிருந்தால் அந்த வாத்தியத்தைத் தொடவே வேண்டாம். அதை யாராலும் மலிவாகச் சரிசெய்ய முடியாது. பிறகு ஒவ்வொரு ஜோடியிலும் ஒவ்வொரு மெட்டாக அழுத்தி மீட்டுங்கள். ஏதாவது ஓரிடத்தில் 'ஜிர்' என்று இரைந்தால் அங்கே மெட்டு எழும்பியிருக்கிறது என்று பொருள்.

அடுத்ததுதான் முக்கியம். கம்பிக்கும் மெட்டுக்கும் உள்ள உயரம். நம் சங்கத்துச் சிறுமி ஒருத்தி மூன்றே வாரத்தில் மாண்டலினை மூலையில் வைத்துவிட்டாள். "இவளுக்கு சங்கீதம் வராது" என்று வீட்டில் தீர்ப்பும் ஆகிவிட்டது. வாத்தியத்தை வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டாவது மெட்டில் கம்பி நாலு மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது! பெரியவர்கள் விரலே வலிக்கும். குதிரையின் அடியை உப்புத்தாளில் தேய்த்துத் தாழ்த்திக் கொடுத்தோம். இப்போது வர்ணம் வாசிக்கிறாள். விரல் வலியை ஞானக் குறைவு என்று நினைத்து எத்தனை பிள்ளைகளை நாம் நிறுத்திவிட்டோமோ தெரியவில்லை.

இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். சட்டைப் பையிலுள்ள ஏ.டி.எம். அட்டையின் கனம் முக்கால் மில்லிமீட்டர். பன்னிரண்டாவது மெட்டின் மேல் அட்டைகளை அடுக்கிக் கம்பிக்கடியில் நுழைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று அட்டை என்றால் நலம். நாலு அட்டை தாராளமாக நுழைந்தால் குதிரையைத் தாழ்த்தித் தரச் சொல்லுங்கள். சில குதிரைகளில் இரு பக்கமும் திருகு சக்கரம் இருக்கும்; கம்பிகளைத் தளர்த்திவிட்டுத்தான் அதைத் திருக வேண்டும்.

குதிரை மேல்பலகையில் ஒட்டப்பட்டதல்ல, கம்பிகளின் அழுத்தத்தில் நிற்பது. சற்று நகர்ந்தாலும் சுருதி கெடும். பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தினால் திறந்த கம்பியின் மேல் ஸ்தாயி சரியாக வர வேண்டும். அது கூடுதலாகப் பேசினால் குதிரையைத் தண்டியிலிருந்து மயிரிழை விலக்குங்கள். குறைந்து பேசினால் தண்டிப் பக்கம் நகர்த்துங்கள். இதனால்தான் எட்டுக் கம்பிகளையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. ஒவ்வொன்றாக மாற்றினால் குதிரை இடம் பெயராது.

மேனாட்டு முறையில் மாண்டலினுக்கு வயலினின் சுருதிதான்: ஜி, டி, ஏ, ஈ. நம் பாடத்துக்கு மெல்லிய இரண்டு ஜோடிகளையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி ஜி, டி, ஜி, டி என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது ஐந்து கட்டைச் சுருதியில் ச, ப, மேல் ச, மேல் ப. கம்பியை ஏற்றாமல் இறக்குவதால் அறுந்துபோகும் பயமில்லை. பெண் குழந்தைகள் பாடும் சுருதியும் ஏறக்குறைய அதுவே. கைத்தொலைபேசியில் சுருதி காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இப்படி வைத்தால் ஸரளி வரிசை வெகு எளிது. மாயாமாளவகௌளையில் ச திறந்த கம்பி. ரி முதல் மெட்டு, க நாலாவது, ம ஐந்தாவது. அடுத்த ஜோடிக்குத் தாவினால் ப திறந்த கம்பி. த முதல் மெட்டு, நி நாலாவது, மேல் ச ஐந்தாவது. கீழே செய்ததையே மேலேயும் செய்கிறோம், அவ்வளவுதான். ஐந்தாவது மெட்டின் மேல் சட்ஜமும் அடுத்த ஜோடியின் திறந்த கம்பியும் ஒன்றாகப் பேசுகின்றனவா என்று கேட்டால் சுருதிப் பரீட்சையும் முடிந்துவிடும். புரந்தரதாசர் ஆரம்பப் பாடத்தை மாண்டலினை நினைத்தா அமைத்தார் என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றும்!

விரலை மெட்டின் மேலேயே வைக்காமல், அதற்குச் சற்றுப் பின்னால், தலைப்பக்கமாக அழுத்துங்கள். குறைந்த பலத்தில் தெளிந்த நாதம் வரும். வலது கையில் பிளெக்ட்ரத்தைத் தளர்வாகப் பிடித்து, ஒரு மீட்டு கீழே, ஒரு மீட்டு மேலே என்று முதல் காலத்திலேயே பழக்கிவிட வேண்டும். எல்லாவற்றையும் கீழ்நோக்கியே மீட்டப் பழகியவர்கள் மூன்றாம் காலத்தில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பராமரிப்பைப் பொறுத்தவரை இந்த ஊரில் எதிரி மழைக்காலம்தான். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பிகளை மேலும் அடியிலும் துடையுங்கள். எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துப் பெட்டிக்குள் போட்டுவையுங்கள். பரண், வெயில்படும் ஜன்னலோரம் இரண்டும் ஆகாது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வாத்தியத்தை வீட்டில் விட்டுச் செல்வதானால் கம்பிகளை ஒரு ஸ்வரம் இறக்கிவிட்டுப் போங்கள்.

கம்பி துருப்பிடித்தால் ஜோடியில் ஒன்றை மட்டும் மாற்றாமல் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். புதியதும் பழையதும் ஒரே சுருதியில் இணங்குவதில்லை. வாங்கும்போது நுனியில் வளையம் உள்ள மாண்டலின் கம்பிதானா என்று பிரித்துப் பார்த்தே வாங்குங்கள். கிடார் கம்பியின் நுனியில் குண்டு இருக்கும். அது பெரும்பாலான மாண்டலின்களின் கொக்கியில் மாட்டாது.