குடலுக்குள் செல்லும் கண்

மயிலையிலோ, தியாகராய நகரிலோ, அடையாற்றிலோ, நம் இல்லங்களில் ஒருவருக்கு அடிக்கடி வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் உண்டானால், "உடம்புச் சூடு" என்று கூறி வெந்தயமும் மோரும் தருகிறோம். மலத்தோடு இரத்தம் கண்டால், மூலம் என்று நாமே தீர்ப்பளித்துவிடுகிறோம். பெண்பிள்ளையாயின், திருமணப் பேச்சு முடியட்டும் என்று மறைத்தும் வைக்கிறோம். மாதங்கள் கழிகின்றன, உடல் மெலிகிறது, இரத்தசோகை தோன்றுகிறது. இவை குடல் அழற்சி நோயின் அடையாளங்களாக இருத்தல் கூடும்.

இந்நோய் பெரும்பாலும் இருவகைப்படும். பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்குவது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். மற்றொன்று, நியூயார்க் மருத்துவர் பரில் கிரோனும் அவருடைய தோழர் இருவரும் 1932-இல் விவரித்த கிரோன் நோய். இது வாய் முதல் ஆசனவாய் வரை எவ்விடத்தும் வரலாம். எனினும் சிறுகுடலின் கடைப்பகுதியையே மிகுதியாகப் பற்றுகிறது. வாய்வழியே செலுத்தும் எண்டோஸ்கோப்பி சிறுகுடலின் தொடக்கத்தோடு நின்றுவிடும். ஆசனவாய் வழியே செலுத்தும் கொலோனோஸ்கோப்பி அதன் இறுதிப் பகுதியில் சிறிதளவையே எட்டும். இடைப்பட்ட பல மீட்டர் நீளம் நெடுங்காலம் மருத்துவரின் கண்ணுக்கு எளிதில் எட்டாமலே இருந்தது.

அந்தக் குறையைப் போக்க வந்ததே கேப்ஸ்யூல் எண்டோஸ்கோப்பி. இஸ்ரேல் நாட்டுப் பொறியியலாளர் கவ்ரியேல் இட்டானின் முயற்சியால் உருவான இக்கருவி, 2000-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டு, 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஏறத்தாழ 26 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் குறுக்களவும் உள்ள மாத்திரைக்குள் கேமராவும் விளக்கும் மின்கலமும் அடங்கியுள்ளன. முந்தின இரவு முதல் உண்ணாதிருந்து, காலையில் நீரோடு விழுங்கவேண்டும். குடலின் இயல்பான அசைவே அதனை நகர்த்துகிறது. அது நொடிக்கு இரண்டு படங்களேனும் எடுத்து, இடுப்பில் கட்டிய பதிவுக் கருவிக்கு அனுப்புகிறது. எட்டு மணி நேரத்தில் 50,000-க்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்துவிடுகின்றன. வலியில்லை, மயக்க மருந்தும் வேண்டியதில்லை. பின்னர் மாத்திரை மலத்தோடு வெளியேறிவிடும்.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகளை நாம் அறிந்திருத்தல் நலம். முதலாவது, நோயினால் குடல் குறுகியிருந்தால் மாத்திரை அங்கே சிக்கிக்கொள்ளலாம். அதை எடுக்க அறுவைச் சிகிச்சையும் தேவைப்படலாம். ஆகவே, ஐயமுள்ளபோது முன்னதாக ஸ்கேன் எடுத்தோ, தானே கரையும் சோதனை மாத்திரையைக் கொடுத்தோ வழியைப் பார்க்கின்றனர்.

இரண்டாவது, இக்கண் புண்ணைக் காணும்; புண்ணின் பெயரைச் சொல்லாது. நம் நாட்டில் குடல் காசநோயும் அதே இடத்தைப் பற்றி, அதே போன்ற புண்களை உண்டாக்குகிறது. காசநோயைக் கிரோன் எனக் கருதி ஸ்டீராய்டு கொடுத்தால், காசநோய் பரவும்; கிரோனைக் காசநோய் எனக் கருதினால், உரிய சிகிச்சை தாமதமாகும். திசுவை எடுத்துச் சோதித்து, அதிலுள்ள நுண்முடிச்சுகளின் அளவையும் எண்ணிக்கையையும் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய உதவும் ஆய்வை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 1999-இல் வெளியிட்டனர். வயிற்றுக் காசநோய்க்கு ஆறு மாத மருந்தே போதிய பயனளிக்கும் என்பதை, நம் சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு 1997-இல் காட்டியது. கிரோன் நோய்க்கோ வாழ்நாள் முழுதும் கண்காணிப்பு வேண்டும். ஆகவே, நோயின் சரியான பெயரை அறிவது ஒருவருடைய வாழ்வின் போக்கையே நிர்ணயிப்பதாகும்.

கண்காணிப்பு என்றேன். வலி நின்றது என்பதனால் புண் ஆறிற்று என்று பொருளன்று. சத்தமின்றி எஞ்சிய புண் பிற்காலத்தில் குடலைக் குறுக்கிவிடலாம். இரத்த, மலச் சோதனைகளுடன், தேவையானபோது கேப்ஸ்யூலையும் மீண்டும் கொடுத்து, மருந்து வேலை செய்கிறதா என்று மருத்துவர் நேரிலே பார்க்கின்றார். நலமாயிற்று எனக் கருதி மருந்தை நாமே நிறுத்துவது பெருந்தவறு.

இச்சோதனை எல்லாருக்கும் வேண்டியதன்று, செலவும் சிறிதன்று. அல்சரேட்டிவ் கோலைட்டிஸுக்குக் கொலோனோஸ்கோப்பியே பெரும்பாலும் போதுமானது. "இச்சோதனையால் சிகிச்சை மாறுமா?" என்று மருத்துவரிடம் பணிவோடு கேட்பதில் தவறில்லை.

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ வெட்கத்தை விட்டு, "இரத்தம் போகிறது" என்று சொல்லும்போது செவிகொடுங்கள். எத்துணை நுட்பமான கருவியாயினும், வீட்டிலே மறைத்து வைத்த நோயை அதனால் காண இயலாது.