இயற்கை எரிவாயுவை எரிபொருளாகவும் வேதிப்பொருளாகவும் மாற்றுவதில் உள்ள பொறியியல் சிக்கல்கள்: கிருஷ்ணகிரி எல்லைப்பகுதியை முன்வைத்து

முன்னுரை

ஒசூர், தேன்கனிக்கோட்டை வட்டங்களை உள்ளடக்கிய கிருஷ்ணகிரி மாவட்டம், கொச்சியிலிருந்து பெங்களூருக்கு இயற்கை எரிவாயுவைக் கொண்டுசெல்வதற்கான கெயில் நிறுவனக் குழாய்த்திட்டத்தின் வழித்தடத்தில் அமைந்த ஏழு தமிழக மாவட்டங்களுள் ஒன்றாகும். விளைநிலங்களினூடே குழாய் பதிப்பதை உழவர்கள் எதிர்த்தனர். மாநில அரசும் மாற்றுவழியை வலியுறுத்தியது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் திட்டத்திற்கு இசைவளித்தது. இவ்வாயுவை இப்பகுதியிலேயே டீசல், மெத்தனால் போன்றவையாக மாற்றித் தொழில் வளர்க்க இயலுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மீத்தேனின் உறுதித்தன்மை

இயற்கை எரிவாயுவின் முதன்மைக் கூறு மீத்தேன். அதன் முதல் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை முறிக்க மோலுக்கு ஏறத்தாழ 439 கிலோஜூல் ஆற்றல் தேவை. மீத்தேனை நேரடியாக ஆக்சிஜனேற்றி மெத்தனால் பெற முயன்றால், விளையும் மெத்தனால் மீத்தேனைவிட எளிதில் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடாகிவிடுகிறது. ஆகவே ஆலைகள் சுற்றுவழியை நாடுகின்றன: மீத்தேனை நீராவியுடன் வினைபுரியச் செய்து, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த தொகுப்பு வாயுவை முதலில் பெறுகின்றன.

வெப்பமும் வினையூக்கியும்

இவ்வினை மோலுக்கு 206 கிலோஜூல் வெப்பத்தை உட்கொள்வது. நிக்கல் வினையூக்கி நிரப்பிய உலோகக் குழாய்களைச் சூளைக்குள் 800 முதல் 900 பாகை செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். வாயுவிலுள்ள கந்தகம் நிக்கலைச் செயலிழக்கச் செய்யும். நீராவி குறைந்தால் வினையூக்கியின்மேல் கரி படியும். கிடைக்கும் வாயுவில் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் 3:1 விகிதத்தில் அமைகின்றன. டீசலுக்கும் மெத்தனாலுக்கும் ஏறத்தாழ 2:1 போதும்.

டீசல் தரும் ஃபிஷர்–டிராப்ஷ் வினையிலோ சிக்கல் நேர்மாறானது. அது வெப்பத்தை வெளிவிடுவது. அவ்வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிடில், தொடங்கிய பொருளான மீத்தேனே மிகுதியாக மீண்டும் விளையும்.

அளவும் இடமும்

இத்தகைய அமைப்புகளுக்கான முதலீடு பேரளவு உற்பத்தியில்தான் ஈடாகிறது. நாளொன்றுக்கு 1,40,000 பீப்பாய் திரவ எரிபொருள் தரும் திறனுடைய பேர்ல் ஆலை, வாயு வயலையொட்டிக் கத்தாரின் ராஸ் லஃபானில் அமைந்தது இதனாலேயே. கொச்சி முனையத்திற்கு வரும் வாயுவோ ஏறத்தாழ −162 பாகையில் திரவமாக்கப்பட்டுக் கப்பலில் வருவது. அதை மீண்டும் திரவ எரிபொருளாக்குவது இரட்டைச் செலவாகும்.

மணலியிலுள்ள மெட்ராஸ் உரத் தொழிற்சாலையின் நிலை வேறு. 2019இல் அது நாப்தாவை விடுத்து இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. அம்மோனியாவுக்கு வேண்டியது ஹைட்ரஜனே என்பதால் மிகை ஹைட்ரஜன் அங்குப் பயனாகிறது. உடன்விளையும் கார்பன் டை ஆக்சைடு யூரியாவுக்கு உதவுகிறது.

முடிவுரை

ஆகவே மாற்றத்தின் வெற்றியை வேதியியல் மட்டுமன்றி, வாயு வந்தடையும் விலையும் விளைபொருளின் தேவையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. எல்லைப்பகுதியில் இவ்வாயு ஆலைச் சூளைகளுக்கும் ஊர்திகளுக்கும் எரிபொருளாவதே இன்றைய நிலையில் பொருத்தமானது. நிலம் தந்த உழவர்க்குரிய பயனை, வரவியலாத வேதியாலையின் பெயரால் அன்றி, நேரிய இழப்பீட்டாலும் குழாய்ப் பாதுகாப்பாலுமே உறுதிசெய்ய வேண்டும்.