பழைய தேவாலயங்கள் – 7: நட்டு வைத்த சுவர்

லண்டனுக்கு வடகிழக்கே, எஸ்ஸெக்ஸில் சிப்பிங் ஓங்கர் என்றொரு சிற்றூர். அதற்கு மேற்கே நடந்து போகிற தூரத்தில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது கிரீன்ஸ்டெட். இதுவரை நாம் பார்த்தவை கல் கட்டடங்கள். இந்த ஊரின் புனித அந்திரேயா தேவாலயத்துக்கோ சுவரே மரம். உலகில் இன்றும் நிற்கும் மரத் தேவாலயங்களில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள்.

பலகை அடித்த சுவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஓக் மரங்களை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து, ஒன்றையொன்று ஒட்டி நிறுத்தியிருக்கிறார்கள். மரத்தின் உருண்ட முதுகு வெளியே, பிளந்த தட்டை முகம் உள்ளே. வெளியிலிருந்து பார்த்தால் வேலி. உள்ளே போனால் சமமான சுவர், அதில் வாய்ச்சி செதுக்கிய தடம் இன்னும் தெரிகிறது. இரு மரங்களின் விளிம்பிலும் காடி எடுத்து, நடுவில் மெல்லிய ஓக் சட்டத்தைச் செருகியிருக்கிறார்கள். காற்றும் மழையும் உள்ளே வராமல் தடுப்பது அந்தச் சட்டம்தான். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த இடமும் அதுவே.

வயதைப் பற்றித்தான் வழக்கு. நெடுநாள் 845-ஆம் ஆண்டு என்றே எழுதிவந்தார்கள். 1995-இல் மர வளையங்களை மறுபடி எண்ணியபோது இருநூறு ஆண்டுக்கு மேல் குறைந்துவிட்டது. உள் வைரம் மட்டும் மிஞ்சி, வெளிப்புற வெளிறு போய்விட்ட மரத்தில் கடைசி வளையங்கள் இருக்காது. வெட்டிய ஆண்டைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆகவே 1060-களிலிருந்து 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம் என்று கணித்தார்கள். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அவர்களுக்கு முந்தைய சாக்சன் காலக் கோயில் என்று பேர் வாங்கிய இது, நார்மானிய அரசனின் ஆட்சியில் கட்டியதாகவே இருக்கலாம். அரசன் மாறினான் என்பதற்காக ஊர்த் தச்சர் தொழிலை மாற்றிக்கொள்வாரா என்ன?

சாக்சன் கால அரசர் புனித எட்மண்டின் உடலை எடுத்துச் சென்றபோது அது 1013-இல் இங்கே ஓரிரவு தங்கியது என்பது ஐதீகம். தங்கியிருந்தால் அது இந்தச் சுவர்களுக்குள் அல்ல. 1960-இல் பலிபீடப் பகுதியின் தரைக்கடியில் இதைவிடப் பழைய மரக் கட்டடங்களின் தடயம் கிடைத்தது. அவற்றில் ஒன்றாக இருந்திருக்கலாம்.

முதலில் கட்டியபோது ஜன்னலே இல்லை என்று கருதுகிறார்கள். செங்கல்லால் ஆன பலிபீடப் பகுதியும் கூரை ஜன்னல்களும் டியூடர் காலத்தில் வந்தவை. மேற்கே வெள்ளையடித்த பலகைக் கோபுரம், அதில் 1618 என்று பொறித்த மணி.

மரச் சுவருக்கு எதிரி அதன் காலடி ஈரம். 1848-இல் பழுது பார்க்க வந்தவர்கள் உளுத்த அடிப்பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, செங்கல் மேடை கட்டி, அதன்மேல் மரங்களைத் திரும்ப நிறுத்தினார்கள். கூரை ஜன்னல்களையும் பெரிதாக்கி மாற்றினார்கள். விக்டோரியா காலத்தவரின் கை சற்று நீளம் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அந்த மேடை இல்லாவிட்டால் இன்று சுவர் இருந்திருக்குமா என்பதே என் கேள்வி.

அந்தப் பழுதுபார்ப்புக்குச் சற்று முன் இங்கே ஒரு திருமணம் நடந்தது. விவசாயக் கூலிகள் சங்கம் சேர்ந்தபோது ரகசியப் பிரமாணம் எடுத்த குற்றத்துக்காக 1834-இல் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட டால்படில் ஊர்த் தொழிலாளர் அறுவரில் சிலர், மன்னிப்புக் கிடைத்துத் திரும்பியதும் இந்தப் பக்கம்தான் நிலம் குத்தகைக்கு எடுத்தார்கள். அவர்களில் ஜேம்ஸ் பிரைன், தன்னோடு தண்டனை அனுபவித்த தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்டின் மகள் எலிசபெத்தை 1839-இல் இந்தத் தேவாலயத்தில் மணந்தார். சுவர் அப்போது உளுத்த காலோடுதான் நின்றது. செங்கல் வர இன்னும் ஒன்பது ஆண்டு இருந்தது.

அடுத்த வாரம்: ஹெரிஃபோர்ட்ஷயரின் கில்பெக்.