காலராவின் நஞ்சைக் கண்டவர், நாடு கண்டுகொள்ளாதவர்

2023-ஆம் ஆண்டு குடியரசு தின விழாவையொட்டி தில்லியில் வெளியான பத்ம விருதுப் பட்டியலில், கொல்கத்தா மருத்துவர் திலீப் மஹலனாபிஸுக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரால் லட்சக்கணக்கான உயிர்களைக் காக்க வழிகாட்டிய அவர், அந்த அறிவிப்புக்கு மூன்று மாதங்களுக்கு முன்பே, 2022 அக்டோபரில் காலமாகியிருந்தார். மறைவுக்குப் பின்னரேனும் அவருக்கு அங்கீகாரம் கிட்டியது. ஆனால், அதே நகரில் அதே நோயை ஆராய்ந்த மற்றொருவருக்கு வாழ்நாளில் பெரிய தேசிய விருது எதுவும் கிட்டவில்லை. அவர் சம்புநாத் டே.

1915-இல் மேற்கு வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்த டே, 1939-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். லண்டனில் புகழ்பெற்ற நோய்க்குறியியல் அறிஞர் ராய் கேமரோனிடம் பயின்று, 1949-இல் முனைவர் பட்டத்துடன் தாயகம் திரும்பினார். கல்கத்தா அரசு மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டே, வங்கத்தைத் தலைமுறை தலைமுறையாக வாட்டிய வாந்திபேதியின் மீது தம் கவனத்தைத் திருப்பினார்.

75 ஆண்டு காலப் புதிர்

காலராக் கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் 1884-இல் இதே கல்கத்தாவில்தான் தனியே பிரித்து வளர்த்தார். அக்கிருமி ஒருவகை நஞ்சை வெளியிடுகிறது என்று அவர் கருதினார். அதை மெய்ப்பிக்க 75 ஆண்டுகள் யாராலும் முடியவில்லை. வளர்ந்த விலங்குகளுக்குக் கிருமியை ஊட்டினாலும் மனிதருக்கு வரும் நோய் அவற்றுக்கு வரவில்லை. கிருமி இறந்து சிதையும்போது வெளிப்படும் பொருள் ரத்தத்தில் கலப்பதே நோய்க்குக் காரணம் என்ற கருத்து வலுப்பெற்றிருந்தது.

டே நோயைக் குடலிலேயே தேடினார். முயலின் சிறுகுடலில் இரண்டு இடங்களில் நூலால் முடிச்சிட்டு, இடைப்பட்ட பகுதிக்குள் கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் அந்தக் குடல் துண்டு நீர் நிரம்பிப் புடைத்திருந்தது. இந்தச் சோதனை முறை 1953-இல் வெளியானது. அடுத்து அவர் கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத வடிநீரை மட்டும் செலுத்திப் பார்த்தார். அப்போதும் குடல் புடைத்தது. கிருமி வெளியிடும் நஞ்சே குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்பது ஐயமற நிரூபணமானது. 1959 மே மாதம் 'நேச்சர்' இதழில் இக்கண்டுபிடிப்பு வெளியானது. அதே ஆண்டில் மும்பை ஹாஃப்கின் நிறுவனத்தின் தத்தா குழுவினரும் குட்டி முயல்களைக் கொண்டு காலரா நஞ்சு பற்றிய சான்றுகளை வெளியிட்டனர்.

இந்நஞ்சு ஒரு புரதம். அதன் ஐந்து கூறுகள் வளையமாக அமைந்து குடல் செல்லைப் பற்றிக்கொள்ள, ஆறாவது கூறு உள்ளே நுழைந்து செல்லின் உப்புச் சமநிலையைக் குலைக்கிறது. உப்பு வெளியேற, அதைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகிறது. கடும் காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் இழப்பு நேரலாம். ஆனால் குடல் சுவர் சிதைவதில்லை. சர்க்கரையுடன் சேர்த்து உப்பை உறிஞ்சும் ஆற்றலும் அழிவதில்லை. உப்பு-சர்க்கரை நீர் பயன் தருவது இதனால்தான். வங்கதேச விடுதலைப் போரின்போது 1971-இல் பன்காவ் அகதிகள் முகாமில் மஹலனாபிஸ் குழுவினர் இம்முறையைக் கையாண்டபோது, சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

புதைந்த பெயர்

நஞ்சைத் தூய வடிவில் பிரித்தெடுக்கும் பணி டேயின் கையில் கைகூடவில்லை. அது 1969-இல் அமெரிக்காவில் நிறைவேறியது. உலகின் ஆய்வுக்கூடங்கள் அவரது முயல் குடல் சோதனையைப் பயன்படுத்திக்கொண்டிருக்க, இந்தியாவின் அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், டேயின் பெயரை அப்பரிசுக்குப் பரிந்துரைத்தார். 1978-இல் காலரா குறித்த நோபல் கருத்தரங்குக்கு ஸ்வீடனிலிருந்து அழைப்பு வந்தது. அறுபதுகளின் தொடக்கத்திலேயே தாம் இறந்துவிட்டதாகவும், இக்கருத்தரங்கே தம்மைத் தோண்டி எடுத்திருப்பதாகவும் அவர் அங்கு கூறினார்.

1973-இல் பணி ஓய்வு பெற்ற டே, 1985 ஏப்ரலில் காலமானார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1990-இல், பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழ் அவருக்கெனச் சிறப்பிதழ் வெளியிட்டது. அவரைக் கழகங்கள் புறக்கணித்ததை நம் காலத்தின் பெரும் பிழைகளுள் ஒன்றாக அவ்விதழ் சுட்டியது.

தொடரும் தேவை

டே எழுப்பிய கேள்விகள் பழையவை ஆகிவிடவில்லை. 1992-இன் இறுதியில் சென்னையில் தலைகாட்டிய ஓ-139 என்ற புதுவகைக் காலரா, விரைவில் கொல்கத்தாவையும் வங்கதேசத்தையும் எட்டியது. கொல்கத்தாவில் 1962-இல் காலரா ஆய்வு மையமாகத் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம் இதை ஆராய்ந்து உலகுக்கு எச்சரிக்கை விடுத்தது. கொல்கத்தா சேரிகளில் நடைபெற்ற வாய்வழித் தடுப்பு மருந்துச் சோதனை, ஐந்து ஆண்டுகளில் 65 சதவீதப் பாதுகாப்பு கிடைப்பதைக் காட்டியது. குடலில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்களுள் ஒன்று காலராக் கிருமியைக் கட்டுப்படுத்த வல்லது என்பது, டாக்கா நோயாளிகளை ஆராய்ந்த குழுவினரால் 2014-இல் தெரியவந்தது. குடலின் நுண்ணுயிர்களையும் அவை சுரக்கும் புரதங்களையும் ஒருசேர ஆராயும் இன்றைய துறைகள், டே கேட்ட கேள்வியையே பெரிய அளவில் கேட்கின்றன. கிருமி குடலுக்குள் என்ன செய்கிறது என்பதே அக்கேள்வி.

காலரா, தூய குடிநீரும் கழிவுநீர் வடிகாலும் கிட்டாதோரின் நோய். அதனை ஆராய்வதற்கான களமும் நோயாளிகளும் இங்கேதான் உள்ளனர். டேயின் சாதனை, மாணவர்களுக்கும் நோயாளிகளுக்கும் நடுவே ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் விளைந்தது. மாநிலந்தோறும் உள்ள அத்தகைய கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களுக்கு நிதியும் ஆசிரியர்களுக்கு ஆய்வு நேரமும் ஒதுக்கப்படுகின்றனவா என்பதே ஆட்சியாளர்கள் முன் உள்ள கேள்வி. மறைந்தவருக்குச் சூட்டும் பட்டத்தைக் காட்டிலும், அடுத்த டே உயிரோடு இருக்கும்போதே அடையாளம் காணப்படுவதுதான் நாட்டுக்குப் பயன் தரும்.