நம் நிலத்துக்கு யார் படம் போடுவது?

ஓசூர், சூளகிரி பக்கம் நம் நிலத்தின் எதிர்காலத்தை யோசித்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். புரோக்கர் கையில் லேஅவுட் படம் தயாராக இருக்கிறது. அதில் நம் புளியமரம் நிற்கிற இடத்தில் முப்பதடி ரோடு ஓடுகிறது. கம்பெனிக்காரர்களிடம் ஒரு திட்டம், பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் மனசில் இன்னொரு திட்டம். நிலத்துக்காரரிடம் மட்டும் எதுவும் இல்லை. அடுத்த மழைக்குக் கேழ்வரகா, நிலக்கடலையா என்பதைத் தாண்டி அவரை யாரும் கேட்டதில்லை.

நான் வங்கியில் இருந்த காலத்தில் கடன் விண்ணப்பமும் அப்படித்தான் இருந்தது. என்ன பயிர், எத்தனை ஏக்கர், என்ன அடமானம், எப்போது திருப்பிக் கட்டுவீர்கள்? அதோடு முடிந்தது. "கடன் அடைஞ்ச பிறகு இந்த நிலம் எப்படி இருக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்க அதில் கட்டம் கிடையாது. தொலைநோக்கு, இலக்கு என்ற சொற்களெல்லாம் எங்களுக்கு வருஷாவருஷம் மீட்டிங்கில் வரும். டெபாசிட் இலக்கு, கடன் இலக்கு. மார்ச் 31 தாண்டினால் அதுவும் காலாவதி.

1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. கிராமத்துக்கு வங்கி வந்தது. பம்புசெட்டுக்கும் உரத்துக்கும் கடன் வந்தது. அதே வருஷம்தான் கோவில்பட்டி மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ஒருவர் வேலையை விட்டார். நம் நம்மாழ்வார் ஐயாதான். 1938இல் தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தவர். 1963இல் சேர்ந்த சர்க்கார் வேலை. மானாவாரிக் கரிசல் விவசாயிக்குக் கட்டுப்படியாகாத விதையையும் உரத்தையும் வைத்துச் செய்யும் ஆராய்ச்சியால் அவனுக்கு என்ன பயன் என்பது அவர் கேள்வி. பதில் கிடைக்கவில்லை, வெளியே வந்துவிட்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. வேலையை விடும்போது வானகம் அவர் கையில் இல்லை. அவர் மனசில்கூட இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். எது வேண்டாம் என்பது தெளிவாக இருந்தது. களக்காட்டில் அமைதித் தீவு அமைப்போடு சுமார் பத்து வருஷம் விவசாயிகளுக்கு நடுவே வேலை பார்த்தார். வெளியிலிருந்து வாங்கும் இடுபொருளைக் குறைக்காமல் உழவன் தலை நிமிர முடியாது என்பது அங்கேதான் அவருக்கு உறுதிப்பட்டது. 1979இல் 'குடும்பம்' அமைப்பு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் உப்பு ஏறிய வயல்களை மீட்கும் வேலை. கரூர் மாவட்டம் கடவூர் பக்கம் வறண்ட காட்டில் வானகத்தைத் தொடங்கும்போது வயது எழுபதை ஒட்டி. 2013 டிசம்பர் 30இல் மறைந்தார். அப்போதும் மீத்தேன் எதிர்ப்புப் பயணத்தில்தான் இருந்தார்.

எழுபதில் மரம் நட ஆரம்பித்தார் என்பதுதான் அறுபத்தைந்து தாண்டிய எனக்குத் தைரியம்.

"உங்களுக்கென்ன சார், பென்ஷன் வருது, கனவு காணலாம்" என்று பக்கத்து நிலத்துக்காரர் ஒருதடவை சொன்னார். நியாயமான பேச்சு. பென்ஷன் இல்லாதவர் கணக்கைக் கடனிலிருந்துதான் தொடங்க வேண்டும். வீட்டுக்குக் கேழ்வரகு, கைச்செலவுக்கு உழவர் சந்தைக்குப் போகிற கீரை, ஒரு மாடு. இது நின்ற பிறகுதான் பத்து வருஷப் பேச்சு. ஆனால் அவருக்கும் எனக்கும் பொதுவான முதல் கேள்வி ஒன்று உண்டு: எவ்வளவு இருந்தால் போதும்? அந்த எண்ணை எழுதாதவரைக்கும் புரோக்கர் சொல்வதே பெரிய எண்ணாகத் தெரியும்.

நான் ஒரு நோட்டுப் போட்டேன். எங்களுக்கு நாலு ஏக்கர். போதும் என்கிற தொகையை என் மனைவியை எழுதச் சொன்னேன். நான் நினைத்ததில் பாதிதான் எழுதினாள்! "வீட்டு அரிசி, பருப்பு, எண்ணெய் நிலத்துல வந்துட்டா மிச்சத்துக்கு எதுக்குங்க இவ்ளோ?" என்றாள்.

அடுத்து தண்ணீர். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏறத்தாழ 4,000 லிட்டர். ஐம்பது மில்லிமீட்டர் கொட்டினால் ஏக்கருக்கு இரண்டு லட்சம் லிட்டர். அதை ஓடவிட்டுவிட்டு நாம் போர் போடக் கடன் கேட்கிறோம். தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி அணைக்கு நுரை பொங்கி வருவதைப் பார்த்தவர்களுக்கு, சொந்த நிலத்தில் விழும் மழை எவ்வளவு பெரிய சொத்து என்று சொல்லத் தேவையில்லை. எனவே எங்கள் நோட்டில் முதல் மூன்று வருஷத்துக்கு வரப்பு, பண்ணைக்குட்டை, மூடாக்கு மட்டுமே. புதுப் பயிர் எதுவும் இல்லை.

மரம் பற்றி எழுதும்போது நம் மாவட்டத்து மாந்தோப்புகள் நினைவுக்கு வந்தன. நட்டவர்கள் தூரம் பார்த்தவர்கள்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தோப்புத் தோப்பாக பெங்களூரா ஒரே ரகத்தை நட்டதால், வரத்து கூடும் வருஷம் கூழ் ஆலை சொல்வதுதான் விலை. மரத்தை யோசித்தார்கள், விலை சொல்லும் வாய் யாருடையது என்பதை யோசிக்கவில்லை. பத்து மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு நாற்பது மரம் வரும். எங்கள் ஒரு ஏக்கரில் அந்த நாற்பதும் ஒரே சாதியாக இருக்காது. மா, பலா, புளி, நெல்லி, முருங்கை. கீழே கேழ்வரகோடு அவரை, துவரை, கடுகு. எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னடத்தில் அக்கடி சாலு என்பார்கள். புதுசு ஒன்றுமில்லை, நம் தாத்தன் பாட்டி செய்ததுதான்.

கடினமான பக்கம் கடைசியில்தான் வந்தது. மகன் பெங்களூரில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறான். ஒரு ஏக்கர் விற்றால் அது அடைந்துவிடும். "அப்பா, நீங்க நிலத்தைப் பார்க்கறீங்க, நான் இஎம்ஐயைப் பார்க்கறேன்" என்றான். அவன் மேல் தப்பில்லை. கடன் கொடுத்தே பிழைத்தவன் நான், வட்டியின் எடை எனக்குத் தெரியும். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினோம். ஐந்து வருஷத்துக்கு விற்பதில்லை, விளைச்சலில் மிஞ்சுவதில் பாதி அவன் கடனுக்குப் போகும் என்று முடிவானது. பெரிய தொகை இல்லை. ஆனால் இப்போது மழை பெய்தால் அவனே போன் பண்ணிக் கேட்கிறான், குட்டையில் எத்தனை அடி நிற்கிறது என்று.

'எனக்குப் பிறகு யார்' என்ற வரி மட்டும் நோட்டில் இன்னும் காலி. மருமகள், விடுமுறைக்கு வந்தபோது அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தாள். போகும்போது அவரை விதை ஒரு பை கேட்டு வாங்கிப் போனாள், மாடியில் போட.